அங்கே ஓடிய நிரல் இங்கே ஏன் விழுகிறது?

“மேசைக் கணினியில் ஓடுகிறது. போர்டில் ஏற்றினால் விழுந்துவிடுகிறது. கம்பைலரில்தான் கோளாறு.”

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்களிடம் இந்த மூன்று வாக்கியங்களையும் பல முறை கேட்டிருக்கிறேன். முதல் ஆண்டில் நானும் இவற்றை இதே வரிசையில் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது மிக அரிதாகவே உண்மையாக இருக்கும்.

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. அரை நூற்றாண்டாகச் சிப் தொழில் இங்கே வேரூன்றியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இன்று சிப்புகளைச் சோதிப்பதோடு நிற்காமல் அவற்றில் ஓடும் நிரல்களையும் எழுதுகிறார்கள். ஆனால் ஒருவகைக் கணினிக்கு எழுதிய நிரலை வேறுவகைக் கணினிக்குக் கொண்டுபோகும் வேலையில், அதாவது போர்ட்டிங்கில், நினைவகச் சீரமைவு என்ற பேச்சு வந்தால் போதும், செவிவழிச் செய்திகள் கிளம்பிவிடுகின்றன. ‘ஆர்ம் சிப் என்றால் அப்படித்தான்’ என்பார் ஒருவர். ‘ஆப்டிமைசேஷனை, அதாவது நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை, நிறுத்திவிடு, சரியாகிவிடும்’ என்பார் இன்னொருவர். ‘ஸ்டிரக்டுக்கு பேக்டு என்று போட்டுவிடு’ என்பார் மூன்றாமவர். மூன்றும் அரை உண்மைகள். அவற்றை நம்பி ஒரு வாரத்தையே இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் இந்த விஷயத்தை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று நினைத்தேன். சி மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதிப் பார்த்த அனுபவம் இருந்தால் இதைப் படிக்கப் போதும்.

இழுப்பறைகள் உள்ள ஒரு மளிகைக் கடை

ஜார்ஜ்டவுனில் பினாங்குத் தமிழர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறைக்குள்ளும் நான்கு அறைகள். எல்லா அறைகளுக்கும் தொடர் எண் ஒட்டியிருக்கிறது. முதல் இழுப்பறையில் 0, 1, 2, 3. அடுத்ததில் 4, 5, 6, 7. அதற்கடுத்ததில் 8 முதல் 11 வரை.

கடைக்கு ஒரு விதி உண்டு. பணியாள் ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறையைத்தான் வெளியே எடுக்க முடியும். எடுத்தால் முழுதாகத்தான் எடுக்க வேண்டும். அறையைத் தனியாகக் கழற்ற முடியாது.

‘4-ஆம் எண்ணிலிருந்து நான்கு அறைச் சாமான் கொடுங்கள்’ என்று நீங்கள் கேட்டால் வேலை சுலபம். இரண்டாவது இழுப்பறையை ஒரு முறை இழுத்தால் மிளகு, சீரகம், கசகசா, ஏலக்காய் நான்கும் வந்துவிடும். ‘1-ஆம் எண்ணிலிருந்து நான்கு’ என்று கேட்டால்? 1, 2, 3 முதல் இழுப்பறையில் இருக்கின்றன. 4 அடுத்ததில் இருக்கிறது. கேட்ட அளவு அதேதான், ஆனால் அது இரண்டு இழுப்பறைகளில் பிரிந்து கிடக்கிறது.

இப்போது பணியாளின் குணத்தைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும்.

பொறுமைசாலியான பணியாள் இரண்டு இழுப்பறைகளையும் இழுப்பார், வேண்டியதை எடுத்து ஒரே தாளில் மடித்துக் கொடுப்பார். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட முறை சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கண்டிப்பான பணியாள், ‘இப்படியெல்லாம் கேட்கக்கூடாது’ என்று கடைக் கதவைச் சாத்திவிடுவார்.

மூன்றாமவர் மறுக்கவும் மாட்டார், இரண்டாவது இழுப்பறையைத் தொடவும் மாட்டார். முதல் இழுப்பறையை மட்டும் இழுப்பார். 1, 2, 3 எடுத்ததும் அறைகள் தீர்ந்துவிடும். சுற்றி வந்து 0-ஆம் அறையிலிருந்து நான்காவதை எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். எடை சரியாக இருக்கும். வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்கும்போதுதான் மிளகுக்குப் பதில் வேறு ஏதோ வந்திருப்பது தெரியும். மூவரில் இவர்தான் ஆபத்தானவர்.

கடையிலிருந்து கணினிக்கு

கணினியின் நினைவகம் அந்தச் சுவரைப் போன்றது. ஓர் அறை என்பது ஒரு பைட். அறையின் தொடர் எண்தான் முகவரி. பணியாள் என்பது நுண்செயலி. நிரலாளர் ஒவ்வொரு பைட்டுக்கும் தனித்தனி முகவரி இருப்பதைப் பார்த்து, எதை வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்று எண்ணிவிடுகிறார். சிப்புக்குள் இருக்கும் கம்பிகள் அப்படி எண்ணுவதில்லை. அவை நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ அதற்கும் அதிகமாகவோ பைட்டுகளை ஒரே இழுப்பில் கொண்டுவருகின்றன.

இப்போது சீரமைவு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். ஒரு தரவின் அளவு எவ்வளவோ, அந்த அளவின் மடங்கான முகவரியில் அது தொடங்கினால் அது சீரமைவோடு இருக்கிறது. 4 பைட் உள்ள இண்ட் 0, 4, 8, 12 போன்ற முகவரிகளில் தொடங்க வேண்டும். 2 பைட் உள்ள ஷார்ட் இரட்டைப்படை முகவரியில் தொடங்க வேண்டும். 8 பைட் உள்ள டபுளுக்குப் பெரும்பாலும் 8-இன் மடங்கு. ஒரே ஒரு பைட் உள்ள சார் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஓர் அறையை இரண்டு இழுப்பறைகளில் பிரிக்கவே முடியாதல்லவா?

பொறுமைசாலிப் பணியாள் நம் மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 குடும்பம். 1978-இல் வந்த 8086 முதலே இந்தக் குடும்பம் சீரமைவில்லாத முகவரிகளைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

கண்டிப்பானவர்கள் பலர். மோட்டரோலா 68000 சிப்பில் ஒற்றைப்படை முகவரியிலிருந்து 2 பைட் தரவைக் கேட்டால் அங்கேயே பிழை எழும். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில் ‘பஸ் எரர்’ என்ற செய்தியோடு நிரல் நின்றுவிடும். இன்று சிறு கருவிகளில் பரவலாக இருக்கும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம்0 சிப் ‘ஹார்ட் ஃபால்ட்’ என்ற நிலைக்குப் போய்விடும். புதிய போர்டில் இருந்தாலும் அதன் கண்டிப்பு மாறாது.

மூன்றாம் பணியாள் ஆர்ம் கட்டமைப்பின் 6-ஆம் பதிப்புக்கு முந்தைய சிப்புகள். 0 முதல் 4 வரையான முகவரிகளில் முறையே 11, 22, 33, 44, 55 என்ற பைட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1-ஆம் முகவரியிலிருந்து 4 பைட் கேட்டால் நமக்கு வர வேண்டியது 22, 33, 44, 55. சீரமைவுச் சோதனையை முடுக்கிவிடாத அந்தப் பழைய சிப்புகள் 22, 33, 44, 11 என்று கொடுக்கும். பிழைச் செய்தி வராது. நிரல் தொடர்ந்து ஓடும். விடை மட்டும் தவறாக இருக்கும்.

பிற்கால ஆர்ம் சிப்புகளில் பெரியவை பொறுமைசாலிகளாக மாறிவிட்டன. ஆனால் ஓர் எண்ணை எடுக்கும் சாதாரணக் கட்டளைகளில் மட்டுமே அந்தப் பொறுமை. சிப்புக்குள் எண்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள் பலவற்றை ஒரே மூச்சில் நிரப்பும் கட்டளைகள் இன்றும் மறுக்கும். எந்த இடத்தில் எந்தக் கட்டளையைப் பயன்படுத்துவது என்பதைக் கம்பைலரே தீர்மானிப்பதால், ஒரே பிழை ஒரு ஃபங்ஷனில் ஒளிந்துகொண்டு இன்னொரு ஃபங்ஷனில் வெடிக்கும். ‘ஆர்ம் சிப் அப்படித்தான்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது.

இதுவரை சொன்னதன் சாரம்: நினைவகம் பைட் பைட்டாக எண்ணப்பட்டாலும் கட்டுக் கட்டாகவே எடுக்கப்படுகிறது. கட்டின் எல்லையை மதித்துத் தரவை வைப்பதே சீரமைவு. மதிக்காவிட்டால் ஒரு சிப் தாமதிக்கும், ஒரு சிப் மறுக்கும், ஒரு சிப் தவறான விடை தரும்.

கம்பைலர் விடும் இடைவெளிகள்

அப்படியானால் நாம் எழுதும் ஒவ்வொரு நிரலும் விழ வேண்டுமே? விழுவதில்லை. நாம் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் கம்பைலர் எல்லா மாறிகளையும் சீராக வைத்துவிடுகிறது. நாம் எழுதியதை அந்தந்தச் சிப்பின் கட்டளைகளாக மாற்றித்தரும் மென்பொருளே கம்பைலர். எது எங்கே இருக்க வேண்டும் என்பதும் அதன் பொறுப்பு.

அது அப்படி வைப்பதற்குக் கொடுக்கும் விலை காலி இடம். பல மாறிகளை ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் ஸ்டிரக்டில் இது நன்றாகத் தெரியும். ஒரு சார், அடுத்து ஓர் இண்ட், அடுத்து ஒரு சார் என்று எழுதுகிறீர்கள். 1, 4, 1 கூட்டினால் 6. ஆனால் அதன் அளவைக் கேட்டால் பெரும்பாலான கணினிகள் 12 என்று சொல்லும். முதல் சார் 0-இல் அமர்கிறது. இண்ட் 1-இல் அமர முடியாது, 4-க்குப் போகிறது. நடுவே 3 பைட் காலி. கடைசி சார் 8-இல் அமர்கிறது. அதற்குப் பின்னும் 3 பைட் காலி விடப்படுகிறது. இந்தக் காலி பைட்டுகளை நிரப்பு பைட்டுகள் என்போம். நிரலாளர்கள் பேடிங் என்பார்கள்.

நடுவில் காலி விடுவது புரிகிறது, கடைசியில் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. இதே ஸ்டிரக்டுகளை வரிசையாகப் பத்து அடுக்கினால், இரண்டாவதன் இண்டும் 4-இன் மடங்கில் அமர வேண்டும். ஒவ்வொன்றும் 9 பைட்டோடு முடிந்தால் இரண்டாவது ஸ்டிரக்டே 9-இல் தொடங்கி, அதன் இண்ட் 13-இல் போய் நிற்கும். வால்பகுதியில் 3 பைட் சேர்த்து 12 ஆக்கினால் எத்தனை அடுக்கினாலும் குழப்பம் வராது. அதே மூன்று மாறிகளை இண்ட், சார், சார் என்று மாற்றி எழுதினால் அளவு 8 ஆகக் குறையும் என்பதையும் செய்து பாருங்கள்.

இதுவரை கம்பைலர் நமக்கு நன்மைதான் செய்திருக்கிறது. சிக்கல், இந்த இடைவெளிகள் எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பது. ஒரு சாரும் ஒரு டபுளும் கொண்ட ஸ்டிரக்ட் 32 பிட் லினக்ஸில் 12 பைட். அதே 32 பிட் எக்ஸ்86 சிப்பில் விண்டோஸ் கம்பைலரிடம் கொடுத்தால் 16 பைட். சிப் ஒன்றுதான், உடன்படிக்கைதான் வேறு. லாங் என்ற வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஆகவே ஒரு ஸ்டிரக்டை அப்படியே கோப்பில் எழுதி வைத்து, வேறு கணினியில் அப்படியே படிக்கும் நிரல் உடைவதற்குக் காத்திருக்கும் நிரல்.

இடம்பெயரும்போது மாறுகிற வேறு சிலவும் உண்டு. அவை சீரமைவுச் சிக்கல்கள் ஆகா, ஆனால் அதனுடன் சேர்ந்தே வந்து குழப்பும். சார் எதிர்மறை எண்ணை ஏற்குமா என்பது எக்ஸ்86 லினக்ஸில் ‘ஆம்’, ஆர்ம் லினக்ஸில் ‘இல்லை’. -1 வரும்வரை சுழலும் ஒரு வளையத்தில், அந்த -1-ஐச் சாரில் வாங்கி ஒப்பிட்டால் ஆர்மில் அது முடிவடையாமலே சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் எண்ணின் பெரிய பகுதி முதலில் வருமா, சிறிய பகுதி முதலில் வருமா என்ற பைட் வரிசையும் கணினிக்குக் கணினி வேறுபடலாம். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் பெரிய பகுதியை முதலில் அனுப்புகின்றன; நம் மேசைக் கணினிகளோ சிறிய பகுதியை முதலில் வைக்கின்றன.

பொய்ச் சத்தியம்

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில், குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைச் சேகரிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கிடங்கிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் 7 பைட். முதல் பைட் செய்தியின் வகை. அடுத்த 4 பைட் கருவி எண். கடைசி 2 பைட் வெப்பநிலை. அதைப் படிக்கும் நிரல் மேசைக் கணினியில் மாதக்கணக்கில் ஓடியது. செலவைக் குறைக்க அதே வேலையைக் கார்டெக்ஸ்-எம்0 உள்ள சிறிய போர்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். முதல் செய்தி வந்த நொடியிலேயே போர்டு விழுந்தது.

நான் எழுதியிருந்தது இதுதான்: வந்த பைட்டுகளின் தொடக்கத்திலிருந்து ஒரு பைட் தள்ளி, ‘இங்கே ஓர் இண்ட் இருக்கிறது’ என்று பாயிண்டரை வகைமாற்றி, எண்ணைப் படித்தேன். ஒரு முகவரியை ஏந்தியிருக்கும் மாறிதான் பாயிண்டர். அது எந்த வகைத் தரவைக் காட்டுகிறது என்பதை நாமே மாற்றிச் சொல்வது வகைமாற்றம்.

அந்த வகைமாற்றத்தைப் பலர் வெறும் எழுத்துச் சடங்காக நினைக்கிறார்கள். அது கம்பைலரிடம் செய்யும் சத்தியம். ‘இந்த முகவரி இண்ட் இருக்கத் தகுந்த முகவரி, 4-இன் மடங்கு, நான் பொறுப்பு’ என்று சொல்கிறோம். கம்பைலர் நம்மை நம்பி, 4 பைட்டையும் ஒரே இழுப்பில் எடுக்கும் கட்டளையை எழுதுகிறது. ஆனால் வந்த பைட்டுகள் 4-இன் மடங்கில் தொடங்கியிருந்தால், ஒரு பைட் தள்ளிய இடம் ஒருபோதும் 4-இன் மடங்காக இருக்காது. நான் சொன்னது பொய்ச் சத்தியம். மேசைக் கணினியின் பொறுமைசாலி அதை மாதக்கணக்கில் மறைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

சி மொழியின் தர வரையறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: சீரமைவில்லாத முகவரியை அந்த வகைப் பாயிண்டராக மாற்றினால் விளைவு வரையறுக்கப்படாத நடத்தை. அதாவது, அதற்குப் பின் என்ன நடந்தாலும் மொழி பொறுப்பேற்காது. கம்பைலர் அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு வேலை செய்யலாம்.

அந்த ‘மேற்கொண்டு’ என்ன என்பதில்தான் ஆப்டிமைசேஷன் பற்றிய கதை அடங்கியிருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேசைக் கணினியில் மட்டும் வேலை செய்பவர்களும் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

எக்ஸ்86 சிப்பில் 16 பைட்டை ஒரே இழுப்பில் எடுக்கும் கட்டளைகள் உண்டு. நான்கு இண்டுகளை ஒன்றாகக் கூட்டிவிடலாம். அவற்றில் ஒருவகை, முகவரி 16-இன் மடங்காக இருந்தால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் பொறுமைசாலிக் குடும்பத்தின் சிப்பும் நிரலை நிறுத்திவிடும். ஆப்டிமைசேஷனை உயர்த்தினால், இண்டுகளின் பட்டியலைக் கூட்டும் எளிய வளையத்தைக் கம்பைலர் இந்த 16 பைட் கட்டளைகளாக மாற்ற முயலும். பட்டியல் 16-இன் மடங்கில் தொடங்குகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் 4-இன் மடங்கு என்று நாம் சத்தியம் செய்திருக்கிறோம். ஆகவே அது ஒரு கணக்குப் போடுகிறது: முகவரி 4 என்றால், மூன்று இண்டுகளை மட்டும் தனித்தனியாகக் கூட்டிவிட்டால் 16 வந்துவிடும், அங்கிருந்து பெரிய கட்டளைகளைத் தொடங்கலாம். 4, 8, 12, 16. அழகான கணக்கு.

உண்மையில் பட்டியல் 1-ஆம் முகவரியில் தொடங்கியிருந்தால்? 1, 5, 9, 13, 17, 21. எத்தனை இண்டுகளைக் கழித்தாலும் 16-இன் மடங்கை எட்டவே முடியாது. கம்பைலர் எட்டிவிடும் என்று நம்பி அந்தப் பெரிய கட்டளையை எழுதி வைத்திருக்கிறது. நிரல் விழுகிறது. ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் ஒவ்வோர் இண்டாகக் கூட்டும் சாதாரணக் கட்டளைகள் வருகின்றன. பொறுமைசாலி மறுபடியும் காப்பாற்றிவிடுகிறார். ‘பார்த்தாயா, ஆப்டிமைசேஷனில்தான் கோளாறு’ என்று நாம் முடிவு கட்டுகிறோம். கோளாறு முதல் நாளிலிருந்தே நம் வகைமாற்றத்தில் இருந்தது.

இந்தப் பகுதியின் சாரம்: நாம் எழுதும் சாதாரண மாறிகளைக் கம்பைலர் சீராக வைக்கிறது. பாயிண்டரை வகைமாற்றும்போது அந்தப் பொறுப்பை நாம் ஏற்கிறோம். நம் சொல்லை நம்பிக் கம்பைலர் வேகம் கூட்டும்போது பொய் வெளிப்படுகிறது.

‘பேக்டு’ எனும் அரை மருந்து

ஸ்டிரக்டில் இடைவெளியே விடாதே என்று கம்பைலருக்குச் சொல்ல முடியும். அதைத்தான் பேக்டு என்கிறார்கள். அப்போது என் 7 பைட் செய்திக்கு 7 பைட் ஸ்டிரக்டே கிடைக்கும். அந்த ஸ்டிரக்டின் வழியாக நேரடியாக ஓர் உறுப்பைப் படித்தால், அது சீரில்லாத இடத்தில் இருப்பது கம்பைலருக்குத் தெரியும். கண்டிப்பான சிப்பாக இருந்தால் பைட் பைட்டாக எடுத்துச் சேர்க்கும் கட்டளைகளை எழுதிக்கொடுக்கும். இதுவரை சரி.

அந்த உறுப்பின் முகவரியை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது விஷயம் கெட்டுவிடுகிறது. அந்த ஃபங்ஷனுக்குப் போய்ச் சேர்வது ‘இண்டைக் காட்டும் பாயிண்டர்’ என்ற செய்தி மட்டுமே. பேக்டு என்ற தகவல் வழியில் உதிர்ந்துவிடுகிறது. பழைய பொய்ச் சத்தியம் மறுபடி பிறக்கிறது, இம்முறை வகைமாற்றம் கூட எழுதாமலே. ஜிசிசி என்ற கம்பைலரில், 2019-இல் வந்த 9-ஆம் பதிப்பு முதல் இதற்கு ஓர் எச்சரிக்கை தானாகவே வருகிறது. தயவுசெய்து அதை அணைத்துவிடாதீர்கள்.

பேக்டு என்பது சி மொழியின் தர வரையறையில் இல்லை. கம்பைலருக்குக் கம்பைலர் எழுதும் முறை வேறு. ஒரு ஹெடர் கோப்பில் அதை முடுக்கிவிட்டு அணைக்க மறந்தால், அதற்குப் பின் சேர்க்கப்படும் ஹெடர்களின் ஸ்டிரக்டுகளும் இறுகிவிடும். ஒரே ஸ்டிரக்டை நிரலின் ஒரு பாதி 8 பைட் என்றும் மறுபாதி 6 பைட் என்றும் நினைத்துக்கொண்டு ஓடும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும் துன்பம்.

சத்தியம் செய்யாமல் படிப்பது

தீர்வு இவ்வளவு எளிதா என்று ஆச்சரியப்படுவீர்கள். முறையாக ஓர் இண்ட் மாறியை அறிவியுங்கள். கம்பைலர் அதைச் சீரான இடத்தில் வைக்கும். செய்தியிலிருந்து 4 பைட்டை மெம்காபி மூலம் அதற்குள் நகலெடுங்கள். மெம்காபி எந்தச் சீரமைவையும் எதிர்பார்ப்பதில்லை, பைட்டுகளை நகர்த்துவது மட்டுமே அதன் வேலை.

‘ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு ஃபங்ஷனை அழைத்தால் வேகம் போய்விடுமே’ என்று உடனே கேட்பார்கள். இன்றைய கம்பைலர்களுக்கு மெம்காபியின் பொருள் தெரியும். ஆப்டிமைசேஷனோடு தொகுத்தால், 4 பைட் நகல் என்பதைப் பார்த்ததும் எக்ஸ்86-இல் அதை ஒரே கட்டளையாக மாற்றிவிடும்; கார்டெக்ஸ்-எம்0-வில் பைட் பைட்டாக எடுத்துக் கொடுக்கும். அந்தந்தச் சிப்புக்கு எது பாதுகாப்போ அதைத் தெரிந்து செய்கிறது. நாம் பொய் சொல்லாதவரை கம்பைலர் நல்ல துணை.

கருவிகளுக்கிடையே போகும் செய்திகளுக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். முதல் பைட், அதனோடு இரண்டாவதை 256-ஆல் பெருக்கியது, மூன்றாவதை 65,536-ஆல் பெருக்கியது, நான்காவதை 1,67,77,216-ஆல் பெருக்கியது என்று கூட்டி எண்ணை நாமே கட்டும் சிறிய ஃபங்ஷன் ஒன்றை எழுதிவிடுங்கள். 32 பிட் குறியற்ற வகையில் செய்ய வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சீரமைவுச் சிக்கலும் பைட் வரிசைச் சிக்கலும் ஒரே அடியில் போய்விடும். அளவு கணினிக்குக் கணினி மாறும் லாங் போன்றவற்றை விட்டு, 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த நிலையான அளவு வகைகளைப் பயன்படுத்துங்கள். ஆர்டுயினோ போர்டுகளில் உள்ள 8 பிட் ஏவிஆர் சிப்பில் இண்டே 2 பைட்தான். ஸ்டிரக்டின் அளவை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், ‘இதன் அளவு 12’ என்று ஸ்டாட்டிக் அசர்ட் எழுதிவிடுங்கள். அளவு மாறினால் நிரல் தொகுக்கப்படாமலே நின்றுவிடும்.

விழுந்த இடத்தைத் தேடுவது

என் போர்டு விழுந்தபோது இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. கம்பைலரின் பதிப்பை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள், பக்கத்து மேசையிலிருந்த மூத்த பொறியாளர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், எழுந்து வந்தார்.

“தம்பி, எந்த முகவரியைப் படிக்கும்போது விழுந்தது என்று பார்த்தாயா?”

“இல்லை, அக்கா. எந்த வரியில் விழுந்தது என்று மட்டும் பார்த்தேன்.”

“வரி அப்புறம். முகவரியின் கடைசி இலக்கத்தை முதலில் பார்.”

இன்றும் நான் முதலில் செய்வது அதைத்தான். பிழை தேட உதவும் டீபகர் முகவரிகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டும்; அதில் 0 முதல் 9 வரைக்குப் பின் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கங்கள். 4 பைட் தரவாக இருந்தால் கடைசி இலக்கம் 0, 4, 8, சி இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 8 பைட் என்றால் 0 அல்லது 8. 16 பைட் என்றால் 0 மட்டும். கார்டெக்ஸ்-எம்3 போன்ற சிப்புகளில் ‘சீரமைவுப் பிழை’ என்றே சொல்லும் ஒரு பிட் உண்டு. எம்0-வில் அந்த வசதி இல்லை. விழுந்த கட்டளையைக் கண்டுபிடித்து, அது எந்த ரெஜிஸ்டரில் முகவரியை வைத்திருக்கிறது என்று நாமே பார்க்க வேண்டும். என் ரெஜிஸ்டரில் இருந்த முகவரி 5-இல் முடிந்தது.

போர்டுக்குப் போகுமுன்பே மேசைக் கணினியில் பிடித்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு வழிகள் எனக்கு மிகவும் பயன்பட்டன. முதலாவது, ஆபத்தான வகைமாற்றங்களைக் காட்டிக்கொடுக்கும் காஸ்ட்-அலைன் எச்சரிக்கை. ஜிசிசி-யில் இதன் சாதாரண வடிவம் எக்ஸ்86-க்குத் தொகுக்கும்போது பேசாமல் இருந்துவிடும், ஏனென்றால் அந்தச் சிப்புக்குக் கவலையில்லை. ஜிசிசி 8 முதல் வந்த அதன் ஸ்ட்ரிக்ட் வடிவம் எந்தச் சிப்பாக இருந்தாலும் எச்சரிக்கும். நிரலை இடம்பெயர்க்கப்போகிறவர்களுக்கு அதுதான் தேவை. இரண்டாவது, ஜிசிசி-யிலும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் உள்ள அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிட்டைசர். இதை முடுக்கித் தொகுத்தால், பாயிண்டர் வழியாக நினைவகத்தைத் தொடும் இடங்களில் ஒரு சோதனை சேர்க்கப்படும். பொறுமைசாலிக் கணினியிலேயே ஓடவிட்டு, எந்தக் கோப்பில் எந்த வரியில் எந்த முகவரி சீரில்லை என்று பட்டியலாகப் பெறலாம். ஆனால் ஓடிய பாதையை மட்டுமே அது பார்க்கும். ஆகவே எல்லா வகைச் செய்திகளையும் கொடுத்து ஓட்ட வேண்டும்.

அன்று அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கருவி எண்ணைப் படிக்கும் வரியைப் பைட் பைட்டாகக் கட்டும் ஃபங்ஷனாக மாற்றினோம். போர்டு இரண்டு வரி தாண்டி வெப்பநிலையில் விழுந்தது. அது தொடக்கத்திலிருந்து 5 பைட் தள்ளி, ஒற்றைப்படையில் இருந்தது. அதையும் மாற்றினோம். பிறகு மேசைக் கணினிக்குத் திரும்பி, மாதக்கணக்கில் பழுதில்லாமல் ஓடிய மூல நிரலைச் சானிட்டைசரோடு தொகுக்கச் சொன்னார். திரையில் மேலும் மூன்று வரிகள் வந்தன. மூன்றும், அந்த நிரல் சரியானது என்பதற்குச் சான்றாக நான் மூன்று நாளாகக் காட்டிக்கொண்டிருந்த அதே கோப்பில் இருந்தன.